எட்டு என்று சொன்ன குரல்

அவரை எல்லோரும் ‘கரண்டி மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு மீன்பிடிக் கப்பலில் சமையல்காரர். இப்போது கடலுக்குப் போகும் புதியவர்களுக்கு உயிர்தப்பும் பயிற்சி கொடுக்கிறார். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அடிக்கும் கிண்டலெல்லாம் அவர் காதில் விழும். விழாத மாதிரி நகர்ந்துவிடுவார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மசியமாட்டார். மீன்பிடிக் கப்பல் ஆட்களுக்கென்று உலக நாடுகள் சேர்ந்து வகுத்த பயிற்சிகள் அத்தனையையும் ஒவ்வொருவனும் தண்ணீரில் இறங்கிச் செய்துகாட்ட வேண்டும். “நாளைக்குக் கப்பல் கிளம்புது மாஸ்டர், சான்றிதழ மட்டும் குடுத்துடுங்க” என்று எந்த முதலாளியாவது போனில் கெஞ்சினால், “ஆள நனைச்சுதான் அனுப்புவேன், காய வைக்கிறது உங்க பாடு” என்று வைத்துவிடுவார்.

அவர் சமைத்த கப்பலிலும் ஆறு பேரிடமும் சான்றிதழ் இருந்தது. ஒருவரும் பயிற்சிக்கென்று தண்ணீரில் கால் நனைத்ததில்லை. பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு மாலையில் அந்தக் கப்பல் ஒருக்களித்துச் சாய்ந்தபோது, காற்றடைத்த மிதவைக்குள் எப்படி விழுந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. மேல்கூடாரத்தை இழுத்து மூடியதும் உள்ளே கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. கேப்டன் வரிசையாக எண்ணச் சொன்னார். ஐந்து என்றது இவர். ஆறு என்று இவர் காதோரமே ஈரமாக ஒரு குரல் வந்தது. கப்பலில் வலை பின்னுகிற வயசானவரின் குரல். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நிம்மதியாகி, மிதவையைக் கப்பலோடு பிணைத்திருந்த கயிற்றை அறுத்துவிட்டார்கள். விடிந்து கூடாரத்தைத் திறந்தபோது உள்ளே ஐந்து பேர்தான் இருந்தார்கள். வலை பின்னுகிறவர் இல்லை.

விசாரணையில் ‘எண்ணிக்கைப் பிழை’ என்று எழுதி முடித்தார்கள். அதன்பிறகு இவர் கடலுக்குப் போகவில்லை. காதை நம்புவதையும் விட்டுவிட்டார்.

அன்று மதியம் பயிற்சிக் குளத்தில் எட்டு மாணவர்கள். ஜன்னல் கதவுகளை அடைத்து, விளக்கை அணைத்து, அலையெழுப்பும் இயந்திரத்தைப் போட்டார்கள். கவிழ்த்துப் போட்டிருக்கும் மிதவையை இருட்டிலேயே நிமிர்த்தி, எல்லோரும் உள்ளே ஏறவேண்டும். கரையில் காப்பாளர் ஒருவர் தயாராக நின்றார். மேற்பார்வையாளரம்மா விளக்கு விசைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் கடைசியாக ஏறிக்கொண்டார்.

“எண்ணுங்க!”

ஒன்று, இரண்டு என்று மூச்சிரைக்கும் குரல்கள் வந்தன. ஏழு. கொஞ்சம் தாமதித்து, எட்டு.

கரையிலிருந்த காப்பாளர் “சரி, எல்லாரும் ஏறிட்டாங்க” என்று பெருமூச்சு விட்டது கேட்டது. மாஸ்டர் இருட்டில் முழங்காலால் நகர்ந்து, ரப்பர் முக்காடு போட்ட தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஏழு தலைகள். திரும்பத் தொட்டார். ஏழுதான். எட்டு என்ற குரல் வந்த மூலையில் கை வைத்தார். அங்கே வெறும் ரப்பர் தரை, சில்லென்று.

“லைட்டப் போடுங்க! ஒருத்தன் கீழ இருக்கான்!”

விளக்கு எரியுமுன்பே குதித்துவிட்டார். மிதவையின் அடியில், கயிறு காலில் சுற்றி, ஒருவன் கையை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டிருந்தான். கத்தியால் அறுத்து, காப்பாளரும் சேர்ந்து கரையில் இழுத்துப்போட்டார்கள். மார்பை அழுத்த அழுத்தத் தண்ணீராகக் கக்கினான். அப்புறம்தான் இருமினான். அந்த இருமலைக் கேட்டபிறகே மாஸ்டர் மற்ற ஏழு பேர் பக்கம் திரும்பினார்.

“எட்டுன்னு சொன்னது யாருடா?”

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “என் பக்கத்துல கேட்டுச்சு மாஸ்டர்” என்றான் ஒருவன். “இல்ல, எனக்குப் பின்னாடி.” இன்னொருவன் தயங்கினான். “கொஞ்சம் வயசான குரல், மாஸ்டர்.”

குளத்துக்கு மேலே ஒலியும் பதிவாகும் கேமரா உண்டு. மேற்பார்வையாளரம்மா தன் அறையில் அதைப் போட்டுக் காட்டினார். இருட்டுத் திரையில் ஒன்று முதல் ஏழு வரை தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு தண்ணீர் அடிக்கும் ஓசை மட்டும். பிறகு காப்பாளரின் குரல்: “சரி, எல்லாரும் ஏறிட்டாங்க.”

அம்மா மறுபடி ஓட்டினார். மூன்றாவது தடவை கை பொத்தானிலேயே நின்றுவிட்டது. “நானும் கேட்டேன் மாஸ்டர். எட்டுன்னு என் காதால கேட்டேன்.”

“தெரியும்மா.”

“அறிக்கையில என்னன்னு எழுத?”

“கேட்டதையும் எழுதுங்க, பதிவுல இல்லாததையும் எழுதுங்க. பிழைன்னு மட்டும் எழுதாதீங்க.”

மேலிடம் அந்த வரிகளை அடித்துவிட்டு, ‘இனி இருட்டுப் பயிற்சியில் ஆட்களைத் தொட்டு எண்ண வேண்டும்’ என்று ஒரு புது விதியைச் சேர்த்தது. மாஸ்டருக்கு அதுவே போதுமாயிருந்தது.

பிழைத்தவன் நான்காம் நாள் தானாகவே வந்தான். குளத்துப் படிக்கட்டில் நின்று தண்ணீரையே பார்த்தான்.

“மாஸ்டர், கயிறு சுத்தினப்ப யாரோ என் தாடையத் தாங்கிப் பிடிச்சிருந்தாங்க. நீங்கதான்னு நெனச்சேன். நீங்க அப்புறமாத்தான் குதிச்சீங்களாம்ல?”

மாஸ்டர் படியிறங்கி அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

“பயமா இருக்கா?”

“இருக்கு. ஆனா முடிச்சிட்டுத்தான் போவேன்.”

மாஸ்டர் முதலில் இறங்கினார். மார்பளவுத் தண்ணீரில் நின்று கையை நீட்டினார். அவன் அதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கீழே வந்தான்.