கொலுவுக்கு வாங்கிய மண்

என் மகளின் வயிற்றுக்குள் அந்தக் கிருமி எந்த வழியாகப் போனது? ஒரு வருடமாகப் போகிறது. இன்னும் எனக்குத் தெரியவில்லை.

வங்காளத்தில், லேக் மார்க்கெட் பக்கம் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். கொலுப்படிக்குக் கீழே தாம்பாளத்தில் மண் பரப்பி, கடுகு விதைத்து, முளைத்ததும் அதைப் பூங்காவாக்குவது எங்கள் வழக்கம். மாடி வீட்டில் மண்ணுக்கு எங்கே போவது? செடி வண்டிக்காரரிடம் ஒரு பை வாங்கினேன். கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது.

“கிழக்கே கீரை வயல் மண்ணு, பௌதி. ஊர்க் குப்பையெல்லாம் அங்கே உரம். எதைப் போட்டாலும் முளைக்கும்,” என்று, அண்ணி முறை வைத்து, வங்காள மொழியில் பெருமையாகச் சொன்னார்.

சாக்கடை நீர் பாயும் வயல்கள் அவை என்று படித்திருக்கிறேன். அங்கிருந்து வரும் கீரையை நாலு தண்ணீரில் அலசாமல் சமைத்ததே இல்லை. மண்ணைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

நான்கு வயது மகள்தான் விதை தூவினாள். முளை வந்துவிட்டதா என்று விரலால் கிளறிக்கொண்டே இருப்பாள். கை கழுவ அனுப்புவேன். நகக்கண்ணைப் பார்த்தேனா? நினைவில்லை. சுண்டலை அந்தக் கையால்தான் தின்றாள்.

அஷ்டமியன்று காய்ச்சல். மறுநாள் மலத்தில் ரத்தம். தெருவெல்லாம் பூஜை மேளம்; நாங்கள் ஆஸ்பத்திரியில், அவள் கையில் டிரிப்ஸ் ஊசி.

“மண்ணாலயா டாக்டர்?”

“இருக்கலாம். பூஜைப் பந்தல்ல ஏதாவது சாப்பிட்டாளா?”

“ஒரு புச்கா. நான்தான் வாங்கித் தந்தேன்,” என்றார் கணவர், தலையைத் தூக்காமல். புச்கா என்பது இங்கத்துப் பானிபூரி.

“அதுவாகவும் இருக்கலாம். டெஸ்ட்ல கிருமியோட பேர்தான் தெரியும்மா, வீட்டு அட்ரஸ் தெரியாது.”

பிழைத்துவிட்டாள். ஆனால் இளைத்த உடம்பு இன்னும் தேறவில்லை. இப்போது மண்ணைத் தொடவே மாட்டேன் என்கிறாள். பள்ளியில் மற்ற குழந்தைகள் செடி நடும்போது, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாளாம். நான் ஊட்டிய பயம்.

மறுபடி நவராத்திரி வருகிறது. “இந்த வருஷம் பார்க் கிடையாதாம்மா?” என்று நேற்று கேட்டாள். மண்ணை வறுத்துப் பரப்பலாமா என்று கணவரிடம் கேட்டேன்.

“நெய் விட்டு முந்திரியும் போட்டுடேன்,” என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் பரணிலிருந்து தாம்பாளத்தை இறக்கினார்.

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அப்படிப்பட்ட மண்ணில் கிருமி எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்? வறுத்தால் போய்விடுமா, வெயில் போதுமா? எந்த மண்ணை நம்பி அவள் கையை அதில் வைக்கச் சொல்லலாம்?