யாரிடமும் கொடுக்கக் கூடாத குழந்தை

ஒரு கணினி அமைப்பின் விதிகளைக் கணிதமாக எழுதி, திருடன் எந்த வழியில் வந்தாலும் உள்ளே நுழைய முடியாது என்று நிரூபிப்பது என் வேலை. மகள் பிறந்ததும் அதை விட்டேன். கணவருக்குக் கொல்லிமலையில் அரசு வேலை. மலையில் இருந்தபடியே செய்யலாம் என்று பழைய அலுவலகம் இப்போது மறுபடி கூப்பிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மூன்று வயது மகளை அங்கன்வாடியில் விட்டால்தான் சரி என்று சொல்ல முடியும். விடத்தான் தைரியம் இல்லை.

இங்கே மாலையில் அங்கன்வாடிப் பக்கமாக யார் போனாலும் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டிப்போய்விடுவார்கள். மிளகுத் தோட்டத்து அக்கா ஒருநாள் ஐந்து பிள்ளைகளோடு போனார். அதில் ஒன்றுகூட அவருடையதில்லை. வாசலூர்பட்டி ஏரிக்குப் போகும் வெளியூர்க் கார்கள் வேறு அந்த ரோட்டில்.

அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன், விதிகள் வகுத்தேன். தினமும் ஒரு புதுச் சொல்லை அங்கன்வாடி டீச்சரின் போனுக்கு அனுப்புவேன். கூப்பிட வருகிறவர் அதைச் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்ன சொல் மறுநாள் செல்லாது. எங்கள் தொழிலில் திருடனுக்குச் சலுகை அதிகம். வாசலில் பேசுவதையெல்லாம் ஒட்டுக்கேட்பான், நேற்றுக் கேட்டதை இன்று சொல்லிப் பார்ப்பான், போன் செய்தியை வழியிலேயே அமுக்கிவிடுவான். அத்தனையையும் மென்பொருளில் எழுதி ஓட்டினேன். அன்றைய சொல் தெரியாத யாரும் குழந்தையைக் கூட்டிப்போக முடியாது என்று வந்தது.

கணவர் எட்டிப் பார்த்தார். "திருடன் வேஷம் யாருக்கு? மிளகு அக்காவுக்கா?"

"உங்களுக்கும்தான்."

விதிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் சிரிக்காமல் வாங்கிச் சுவரில் ஒட்டினார்.

முதல் நாள் மூன்றரை மணிக்கே போய் நின்று, "பலாச்சுளை" என்றேன், பெருமையாக.

டீச்சர் போனைப் பார்த்தார். "ஒன்னும் வரலீங்களே. காத்தால இருந்து டவரே இல்லீங்க."

"டீச்சர், நான்தாங்க இவளோட அம்மா!"

"யாரு வந்தாலும்னு எழுதியிருக்கீங்க." சுவரைக் காட்டினார். "அம்மா தவிரன்னு எழுதலீங்களே. ஏங்கண்ணு, இவங்க யாரு?"

வாய் நிறையக் கொழுக்கட்டையோடு என் மகள், "தெரியாது" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

வாசலில் மற்ற பிள்ளைகளோடு கிளம்பிக்கொண்டிருந்த மிளகு அக்கா, "ஏனுங்க, பாவமா இருக்குது. நான் வேணா வாங்கிக் குடுக்கட்டுங்களா?" என்றார்.

"உங்களுக்கும் வார்த்தை வேணுமுங்க" என்றார் டீச்சர்.

அங்கே நின்றபோதுதான் உறைத்தது. கெட்டது நடக்காதா என்று மட்டும் கணினியிடம் கேட்டிருந்தேன். நல்லது நடக்குமா என்று கேட்கவே இல்லை. குழந்தையை யாரிடமும், எப்போதும் கொடுக்காத அங்கன்வாடியும் என் கணக்கில் தேறிவிடும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரத்தில் நானே சொல்லித்தந்த பாடம் இது.

டீச்சர் கதவைப் பூட்டினார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, டவர் கிடைக்கும் மேட்டு வளைவுக்கு நடந்தார். சந்தேகக் கேஸ் மாதிரி நான் பின்னால் நடந்தேன். மகள் திரும்பித் திரும்பி நாக்கைத் துருத்தினாள்.

வளைவில் போன் ஒலித்தது. டீச்சர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இப்பச் சொல்லுங்க."

"பலாச்சுளை."

"சரிதானுங்க. கூட்டிட்டுப் போங்க."

கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பெற்றவளுக்கே கொடுக்காதவர் வேறு யாருக்குக் கொடுத்துவிடப் போகிறார்? கீழே இறங்கினால் டவர் போய்விடும் என்று அங்கேயே நின்று அலுவலகத்துக்குச் சரி என்று அனுப்பினேன்.

"நாளைக்குப் புள்ளைய உடறப்பவே வார்த்தைய எங்காதுல சொல்லிருங்க" என்றார் டீச்சர். "தெனமும் இந்த மேட்டுல ஏற என்னால ஆகாதுங்க."

வீட்டுக்கு வந்து அந்த மாற்றத்தை எழுதி, இந்த முறை இரண்டு கேள்விகளையும் கேட்டேன். இரண்டும் தேறின. ஒட்டுக்கேட்பவர் பட்டியலில் மகளையும் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.