முன்கூட்டியே சொன்ன நன்றி

"ஸ்தோத்திரம்!" என்றார் அக்கா. தையல் மெஷினில் ஊசி ஒடிந்துவிட்டது. ஒடிந்த துண்டு முகத்தில் தெறிக்காமல் மேஜையில் விழுந்ததற்கு ஒரு ஸ்தோத்திரம். டப்பாவில் வேறு ஊசி இருந்ததற்கு இன்னொன்று. அதில் ஒரே தடவையில் நூல் கோத்துவிட்டதற்கு மூன்றாவது. பேன்ட்டை வாங்கக் காத்திருந்தவர், "இத்துனூண்டு விஷயத்துக்கெல்லாமா சொல்லுவீங்க?" என்று கேட்டார். "சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" என்றார் அக்கா, நிமிராமல்.

தெருவே அவரை 'ஸ்தோத்திர அக்கா' என்றுதான் கூப்பிடுகிறது. மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய ஓர் அறை, அதுதான் கடை. ஒரு மெஷின், இஸ்திரி மேஜை, நீளக் கண்ணாடி, சீட்டு குத்திய துணிகள் தொங்கும் கம்பி. புதிதாக எதுவும் தைக்க மாட்டார். இடுப்பைப் பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்ததை ஒட்டுப்போடுவது, அவ்வளவுதான். "புதுசு தைக்க ஊர்ப்பட்ட பேர் இருக்காங்க. கெட்டுப்போனதைச் சரி பண்ணத்தான் ஆளில்ல" என்பார். பேசும்போது உதட்டோரத்தில் நாலைந்து குண்டூசிகள் இருக்கும். ஊசியோடு சிரிக்கவும் தெரியும், ஜெபிக்கவும் தெரியும். "துணி சுருங்கிடுச்சுக்கா" என்று வயிற்றை எக்கிக்கொண்டு வந்து நிற்பவர்களிடம், "ஆமா ஆமா, துணிதான் சுருங்கிடுச்சு" என்று முகத்தில் துளிச் சிரிப்பில்லாமல் சொல்லி அளவு நாடாவைச் சுற்றுவார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இன்னொரு முகம். பர்னிச்சர் கடைக்கு மேலே நீளமான ஹாலில் கூடுகிற சபையில், சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து ஓரிரு வார்த்தையில் சொல்லலாம். மற்றவர்கள் ஓரிரு வார்த்தைதான் சொன்னார்கள். அக்கா கண், காது, மூக்கு வைத்துச் சொன்னார். தொலைந்துபோன கத்தரிக்கோல் கிடைத்த கதையை அவர் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பெரியவர் விசும்பினார். வெறும் கத்தரிக்கோல் ஐயா! கொஞ்ச நாளில் அக்காவுக்கென்று தனி மைக் வந்தது. கிடார்க்காரர் அவர் பேச்சுக்குக் கீழே மெல்ல வாசிக்கத் தொடங்கினார். அக்கா குரலை உயர்த்தினால் கிடாரும் உயரும். தாமதமாக வருகிறவர்கள் படியேறும்போதே, "அக்கா பேசியாச்சா?" என்று கேட்டார்கள். பாஸ்டர் பேசியாச்சா என்று யாரும் கேட்டதில்லை. பாஸ்டர் நல்ல மனிதர். யாரிடமும் 'வேண்டாம்' என்று சொல்ல வராது. அவருடைய பிரசங்கம் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே போனது.

அந்தச் சபையில் இன்னொரு வழக்கமும் உண்டு. கேட்டது கைக்கு வருவதற்கு முன்பே நன்றி சொல்லிவிட வேண்டும். வந்த பிறகு யார்தான் நன்றி சொல்ல மாட்டார்கள், முன்னாலேயே சொல்வதுதானே விசுவாசம் என்பது அவர்கள் எண்ணம். அக்காவுக்கு இது ரொம்பவும் பிடித்துப்போனது. இது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர் யோசிக்கவில்லை. வேறு யாரும் யோசித்ததாகவும் தெரியவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் குத்தலாக இருக்கும். ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே, "வலது கண்ணுல கீழேயிருந்து கறுப்பா என்னவோ ஏறுது" என்றார். கண் ஆஸ்பத்திரியில் விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள். அன்றைக்கே ஆபரேஷன். கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழியை விட்டு, அது உள்ளிருந்து திரையைத் தாங்கிப் பிடிப்பதற்காகப் பத்து நாள் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும் என்று அனுப்பினார்கள். குமிழி கரைய ஆறு வாரம் ஆகும். அதற்குப் பிறகுதான் பார்வை வருமா வராதா என்று சொல்ல முடியும். இடது கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒற்றைக் கண்ணை நம்பி அறுபது பிள்ளைகளை யார் ஒப்படைப்பார்கள்?

டிரைவர் குப்புறக் கிடந்தபடியே தரையோடு பேசினார். அக்கா பக்கத்தில் தரையில் படுத்து அண்ணாந்து பார்த்து அவருக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டினார். ஆறாவது நாள் ஞாயிறு. காலையில் அவர், "ஓரமா ஏதோ வெளிச்சமாட்டம் தெரியுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த வெளிச்சம், அக்கா படியிறங்கும்போது அவர் மனசுக்குள் ஜன்னலாகிவிட்டது. ஹாலுக்குள் நுழைந்து மைக்கைப் பிடித்ததும் ஜன்னலுக்குப் பக்கத்தில் காலண்டர் வந்தது. கிடார் உயர்ந்தது. "இன்னைக்குக் காலையில எங்க வீட்டுக்காரர் காலண்டர்ல தேதியை வாசிச்சாருங்க! வலது கண்ணால வாசிச்சாருங்க!" என்று அக்கா சொல்லிவிட்டார். ஹால் அதிர்ந்தது. அக்கா இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். விசுவாசத்தில் சொன்னதுதானே, நடந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டிரைவரும் சபைக்கு வந்தார். ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "காலண்டர் எழுத்து சின்னதா பெரிசாண்ணே?" என்று ஒருவர் கேட்டார். டிரைவர் மனைவியைப் பார்த்தார். "நடுத்தரமா இருந்துச்சு" என்றார். வீட்டுக்கு வரும் வழியில்தான் வாயைத் திறந்தார். "எனக்குக் கண்ணு தெரிஞ்சிருச்சுன்னு ஊருக்கே சொல்லியிருக்க. எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். திரை ஒட்டவில்லை. இனி அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும்தான் தெரியும். டிரைவர் "சரிங்க" என்றார். அன்றைக்கு மத்தியானமே பள்ளிக்கூடத்துக்குப் போய், தன்னிடமிருந்த மாற்று பஸ் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வந்தார். வந்தவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்தார். அக்காவுக்கு அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் அழுவதற்குள் கதவு தட்டப்பட்டது.

வந்தது கிடார்க்காரர். வரும் ஞாயிறு சபையின் ஆண்டு விழா, வெளியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். "அண்ணன் மேடையில ஏறி, இடது கண்ணைக் கையால மூடிக்கிட்டு, வலது கண்ணால ரெண்டு வசனம் வாசிக்கணும். அப்படியே அக்கா மைக்கை வாங்கி சாட்சி சொல்லணும். சும்மா பிச்சிக்கும்!" கண்ணெல்லாம் பளபளக்கச் சொன்னார். அக்கா டீ வேண்டுமா என்று கேட்டார்.

அவர் போனதும் டிரைவர், "செஞ்சிடலாம்" என்றார். அக்கா திரும்பிப் பார்த்தார். டிரைவர் இடது கண்ணைக் கையால் மூடி, விரல்களைக் கொஞ்சமாக விலக்கிக் காட்டினார். "இந்த இடுக்கு போதும். நல்ல கண்ணாலயே வாசிச்சிடுவேன். ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்."

"பொய்யில்லையாங்க அது?"

"பாதி நீ சொல்லியாச்சு. மீதியை நான் சொல்றேன்."

"நான் எனக்காகவா சொன்னேன்? இப்போ தெரியலைன்னு போய் நின்னா ஆண்டவர் பேரு என்னத்துக்கு ஆகும்?"

"அவர் பேரா, உன் பேரா?" என்றார் டிரைவர். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எழுந்து கடைக்குப் போய் ஷட்டரை ஏற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் அக்காவின் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு பேன்ட்டில் இடது காலையே இரண்டு தடவை வெட்டி மடித்துவிட்டார். வாங்க வந்தவர் போட்டுப் பார்த்து, ஒரு கால் கணுக்காலுக்கு மேலே நிற்க, "அக்கா, நான் ஒரு காலோட நின்னுக்கவா?" என்றார். ஊசி ஒடியாமல் இருந்ததற்குக்கூட ஒரு ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அக்காவுக்கு எதுவும் பிடிபடவில்லை. ஆண்டவர் வாக்கு மாறாதவர். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் எந்த வாக்கைக் கொடுத்தார்? கண்ணைத் தருகிறேன் என்று எப்போது சொன்னார்? தானே கேட்டு, தானே கிடைத்துவிட்டதென்று அறிவித்து, தானே நன்றியும் சொல்லியாகிவிட்டது. இதில் அவர் எங்கே வந்தார்? அப்படி யோசித்தால் பயமாக இருந்தது. ஒருவேளை இன்னும் அழுத்தி நம்பியிருந்தால் பார்வை வந்திருக்குமோ என்று அடுத்த நிமிஷமே தோன்றியது. அதை நினைத்தால் இன்னும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஹாலுக்குப் போனார். பாஸ்டர் தனியாளாக நாற்காலிகளை வரிசை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், விரல் இடுக்கு யோசனை உட்பட. பாஸ்டர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைக்கக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் உண்மையுள்ளவர்தானே, பாஸ்டர்?"

"அதுல சந்தேகமே இல்லக்கா."

"அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?"

பாஸ்டர் பிரசங்கம் செய்வார் என்று அக்கா எதிர்பார்த்தார். அவரோ நாற்காலியை வரிசையில் வைத்தார். "தெரியலக்கா" என்றார். "நீங்க காலண்டரைச் சொன்னப்ப எனக்குள்ள என்னவோ இடிச்சுது. ஆனா எல்லாரும் கைதட்டினாங்க. நானும் தட்டிட்டேன்."

"நாளைக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"நாளைக்கு ஆராதனை இருக்குக்கா. நீங்க பேசினாலும் இருக்கும், பேசாட்டியும் இருக்கும்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் பேசினேனே, அதற்கு இதுதான் மதிப்பா என்று வாய் வரை வந்துவிட்டது. படியிறங்கிப் பாதித் தூரம் வந்த பிறகு, ஏனோ தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தமாதிரியும் இருந்தது. கோபமா நிம்மதியா என்று அவருக்கே விளங்கவில்லை. அதே குழப்பத்தோடு கடையைத் திறந்து ஒரு ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் எள் விழ இடமில்லை. கிடார்க்காரர் பெயர் சொல்லி அழைத்ததும் டிரைவர் எழுந்து மேடைப் பக்கம் நடந்தார். இடது கை தயாராக இருந்தது. அக்கா குறுக்கே போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிறகு மைக்கை வாங்கினார்.

"இவருக்கு வலது கண்ணு தெரியலைங்க" என்றார். கிடார் பழக்கதோஷத்தில் உயர்ந்தது. "தம்பி, அதைக் கொஞ்சம் நிறுத்துப்பா. காலண்டரை இவர் வாசிக்கவே இல்ல. வெளிச்சம் தெரியுதுன்னு மட்டும்தான் சொன்னார். மிச்சமெல்லாம் நானா சேர்த்துக்கிட்டது. பஸ் வேலை போயிடுச்சு." மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "ஆண்டவர் நல்லவர். அவர் சொன்னா மாற மாட்டார். இவர் கண்ணும் போயிடுச்சு. இது ரெண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்க்கிறதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன். ஆனா அவரை விட்டுட்டு எங்கேயும் போக மாட்டேன். அவ்வளவுதாங்க."

முன்வரிசையில் ஒருவர் கை தட்ட ஆரம்பித்து, இது தட்டுகிற விஷயமா என்று குழம்பி, இரண்டாவது தட்டிலேயே நிறுத்திக்கொண்டார். வெளியிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "சாட்சி முடிஞ்சிருச்சா?" என்று கிசுகிசுத்தார். அக்கா டிரைவரின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கள் இடத்தில் நின்றார். பாஸ்டர் எழுந்து ஒரு பாட்டின் எண்ணைச் சொன்னார். கிடார்க்காரருக்குக் கை ஓடவில்லை. கருவி இல்லாமலே பாஸ்டர் தன் கட்டைக்குரலில் தொடங்கிவிட்டார்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். பாட்டு மட்டும் சரியாக எழும்பவில்லை, ஏனென்றால் பாதிப் பேர் இன்னும் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற பேக்கரிக்காரம்மா முழுசாகத் திரும்பி, பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய அக்காவின் முகத்தையே பார்த்தபடி நின்றார். அக்கா இரண்டு கைகளையும் நீட்டி, முதுகுப்பக்கம் அளவெடுக்கத் திருப்புவது போல அந்தம்மாவின் தோள்களைப் பிடித்து, மெதுவாக முன்பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்.