நான் அழித்த தாளம்

தடித்த அகராதி ஒன்றின் அளவில் இருந்தது அந்தத் தாளப் பெட்டி. சாம்பல் நிறம். கீழ் வரிசையில் பதினாறு சின்னப் பொத்தான்கள். ஓடத் தொடங்கினால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்பு வெளிச்சம் இடமிருந்து வலமாக ஓடிப் போகும், பிறகு மறுபடியும் முதலிலிருந்து. எண்பதுகளின் நடுவில் ஒரு பிரெஞ்சுக் கித்தார்க்காரனிடமிருந்து பழசாக வாங்கி, பாரிசில் எங்கள் சனம் கூடும் லா சப்பலில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் காட்டித் திரிந்தேன். இதற்குக் களைக்காது, பசிக்காது, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நடுவில் எழும்பி ஓடாது என்று சொல்லிச் சிரிப்பேன். பக்கத்தில் நின்ற அத்தானும் சேர்ந்து சிரிப்பார். நடுவில் எழும்பி ஓடுகிறவர் அவர்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதை இப்போது எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். எனக்கு இரண்டு வருடம் முன்னதாகப் பாரிசுக்கு வந்தவர். அக்காவும் கைக்குழந்தையும் ஊரில். எனக்கு விமான நிலையத்தில் கோட்டுக் கொண்டுவந்து போட்டுவிட்டதும், விசாவுக்கு விடியமுன் வரிசையில் இடம் பிடித்துத் தந்ததும், புறநகரான லா கூர்னெவ்வில் தன் அறையில் பாதிக் கட்டிலை விட்டுத் தந்ததும் அவர்தான். ஒரு றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினார். நாள் முழுக்கச் சுடுதண்ணீரில் கிடந்து உள்ளங்கைத் தோல் வெள்ளையாக ஊறி, விரல் நுனிகளில் உரிந்துகொண்டு வரும். அந்தக் கையால்தான் டோலக் அடிப்பார். எங்கள் இசைக்குழுவைத் தொடங்கியதும் அவர்தான், நானல்ல. பிறகு நானே தொடங்கியதுபோல எத்தனையோ இடத்தில் பேசியிருக்கிறேன்.

முதலில் நாங்கள் கலியாணங்களுக்கும் பிறந்தநாள்களுக்கும் வாசித்தோம். அத்தானின் டோலக், ஒரு கித்தார், என் சின்னக் கீபோர்ட், புதுச்சேரியில் பிறந்து தேவாலயத்தில் பாடிப் பழகிய ஒரு பாட்டுக்காரர். அத்தான் அடித்தால் கதிரையில் கோபத்தோடு இருக்கிற மாமன்மாரும் காலை ஆட்டுவார்கள். அவருக்கு ஒரு குணம் இருந்தது. சந்தோசம் வந்தால் கை கொஞ்சம் முந்திவிடும். பாட்டு மெல்ல வேகமெடுக்கும், ஆட வந்தவர்களும் அதோடு வேகமெடுப்பார்கள், ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியத் தொடங்கியது. பிரெஞ்சு வானொலியில் வரும் புதுப் பாட்டுகளை நான் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பாட்டுகளில் ஒரு தட்டுக்கூட முன்னே பின்னே விழாது. தமிழிலும் அப்படியொன்று செய்து காட்ட வேண்டும், சொந்தமாக எழுதிய பாட்டுகளோடு ஒரு கசெற் வெளியிட வேண்டும் என்ற பைத்தியம் எனக்குப் பிடித்தது.

ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல் முனையில், ஓய்வுபெற்ற ஒரு புதுச்சேரி உத்தியோகத்தர் தன் கட்டிடத்தின் நிலக்கீழ் அறையை ஒலிப்பதிவுக்கு ஏற்றதாக மாற்றி வைத்திருந்தார். சுவர் முழுக்க முட்டை அட்டைகள். ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் மிசியே என்றே அவரைக் கூப்பிடுவோம். அவரிடம் நாலு தடங்களில் பதியும் கருவி ஒன்று இருந்தது. ஒரே நாடாவில் நாலு பேரைத் தனித்தனியாகப் பதியலாம், ஒருவர் பிழை விட்டால் அவரை மட்டும் அழித்து அவருடைய தடத்தில் திரும்பப் பதியலாம். ஆனால் நாலுதான். ஐந்தாவதாக ஒன்று வேண்டுமென்றால் இருக்கிற ஒன்று போக வேண்டும். இந்த வசதியும் இந்த நெருக்கடியும் என்னை எப்படிப்பட்ட ஆளாக மாற்றும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பதிவு செய்தோம். மற்ற ஐந்து பாட்டும் எப்படியோ முடிந்தன. எங்கள் ஊர் வீட்டு வேலிக் கதவான படலையைப் பற்றிய பாட்டுத்தான் முடியவில்லை. பாட்டை எழுதியவன் நான். இரண்டாம் சரணத்துக்கு முன் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். அந்த வெறுமையில் அத்தான் மட்டும் டோலக்கின் மரக் கட்டையில் மடித்த விரல் மொளியால் தட்டுவார். இரண்டு மெதுவாக, மூன்று வேகமாக. கலியாணத்துக்கு முன் அக்காவைப் பார்க்க வரும்போது எங்கள் வீட்டுப் படலையில் அவர் தட்டுகிற தட்டு அது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அது கேட்டால் அக்கா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முகம் கழுவ ஓடுவாள்.

அந்த மூன்று வேகத் தட்டும் ஒவ்வொரு முறையும் முந்தி விழுந்தன. காதில் தாளப் பெட்டியின் டிக் டிக்கைப் போட்டுவிட்டு அடிக்கச் சொன்னேன். இன்னும் மோசமாக வந்தது. “திருப்பி” என்றேன். திருப்பி அடித்தார். மேலே மெற்றோ கடந்துபோகும் அதிர்வு சில தடவை உள்ளே வந்து கெடுத்தது, மற்றத் தடவைகள் எல்லாம் நான் கெடுத்தேன். முப்பது தாண்டியபின் பாட்டுக்காரர் எண்ணுவதை விட்டுவிட்டு மேலே போய்க் கோப்பி குடித்தார். அத்தான் ஒருமுறையும் முறைக்கவில்லை. “ஓம் தம்பி, உனக்குத்தான் காது. எனக்கு விளங்கேல்லை. திருப்பி அடிப்பம்” என்றார். விரல் மொளி சிவந்து ஓரிடத்தில் வெடித்திருந்தது. மத்தியானம் ஆனதும் வேலைக்கு ஓடினார். பதிந்ததை இருந்து கேட்க அவருக்கு ஒருநாளும் நேரம் இருந்ததில்லை.

அந்தக் கிழமையே எனக்கு லீவு கிடைத்த ஒரு நாளில் தனியாகப் போனேன். தாளப் பெட்டியில் கையால் அடிக்கிற மேளம் போன்ற ஓசைகளும் இருந்தன. அத்தானின் அடியைக் கேட்டுக் கேட்டு, அதே அடிகளைப் பொத்தான்களில் வைத்து ஓடவிட்டேன். ஊசி முனையளவும் பிசகவில்லை. கூடவே எனக்குக் கீபோர்ட்டின் வயலின் ஓசையும் வேண்டியிருந்தது. தடம் நாலும் நிரம்பியிருந்தது. மிசியே என்னைப் பார்த்தார்.

“இன்னா தம்பி, அண்ணன் இத்தினி வாட்டி வாசிச்சதை அழிக்கப் போறியா? அவருகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிப்போட்டன் மிசியே.”

“எனக்கென்னமோ அவரு வாசிச்சதே செ பொன், நல்லாத்தான் இருக்கு. போதும்னு தோணுது.”

எனக்குப் போதவில்லை. சிவப்புப் பொத்தானை நானே அமத்தினேன். மூன்று நிமிடம் சொச்சம். அத்தானின் கைக்கு மேலேயே பெட்டியின் தாளத்தையும் என் வயலினையும் ஒன்றாகப் பதிந்தேன். படலைத் தட்டுக்குப் பொத்தான்களில் பொருத்தமான ஓசை கிடைக்கவில்லை, அதனால் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டேன். கேட்டுப் பார்த்தபோது அந்த மௌனம் நல்ல ஸ்டைலாக இருப்பதாக எனக்குப் பட்டது. பெருமையோடுதான் வீட்டுக்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன வரப்போகிறது.

கசெற் வந்தது. மரக்கறிக் கடை ஒன்றில் அதைச் சத்தமாகப் போட்டார்கள். படலைப் பாட்டு வந்தபோது அத்தான் பிலாக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டார். “மெசினுக்குள்ளாலை வந்தா என்ரை கை இவ்வளவு வடிவா இருக்குமோ?” என்றார். இரண்டாம் சரணம் வர இருந்தது. எல்லாம் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. பாட்டுத் திரும்பத் தொடங்கிவிட்டது.

“தம்பி, அந்தத் தட்டு?”

“கிடக்கு அத்தான். மெல்லிசாப் போட்டது. நல்ல ஸ்டீரியோ செற்றிலை கேட்டாத்தான் கேக்கும்.”

எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அவர் நம்பினார். டோலக் அடிக்கிற ஒருவர் அதை எப்படி நம்பினார் என்று பலதடவை யோசித்திருக்கிறேன். நம்பியது ஒலியை அல்ல, என்னை. அந்தத் தட்டு பாட்டில் வரும் இடத்தை அவர் அக்காவுக்கு முன்கூட்டியே கடிதத்தில் எழுதிவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அழித்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். கொழும்புக்குப் போன ஒருவரிடம் கசெற்றைக் கொடுத்தனுப்பினார். நல்ல செற் உள்ள வீட்டில் கேளும் என்று ஒரு துண்டும் எழுதி உள்ளே வைத்தார்.

அக்காவின் பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. அத்தான் அதை என்னிடம் நீட்டியபோது நான் கட்டிலில் இருந்து அடுத்த கசெற்றுக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுச் சின்னச் செற்றில் கேட்டாளாம். கேட்கவில்லையென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திக் கடைக்காரர் வீட்டுக்குப் போனாளாம். பிறகு பஸ் ஏறி, சிங்கப்பூரிலிருந்து வந்தவர்களின் பெரிய செற் இருக்கும் வீட்டுக்கும் போயிருக்கிறாள். சண்டை நடந்த அந்த நாள்களில் பஸ் ஏறுவது லேசான காரியமல்ல. கடைசி வரிகள் எனக்கு இன்னும் பாடம். “படலையில் நீங்கள் தட்டவில்லை. மற்றப் பாட்டெல்லாம் உங்கள் கை. இந்தப் பாட்டில் அடிப்பது நீங்கள் இல்லை. உங்கள் கைக்கு என்ன நடந்தது? தம்பியும் சேர்ந்து என்னிடம் ஒளிக்கிறீர்கள். எதுவென்றாலும் நான் தாங்குவேன், உண்மையை எழுதுங்கள்.”

வெளிநாட்டில் நடந்த சாவைக்கூட மாதக்கணக்கில் வீட்டுக்கு மறைத்த காலம். அவள் எதையெல்லாம் நினைத்திருப்பாள் என்று எனக்கு விளங்கியது. அத்தான் என்னைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. “ஏன் இவள் இப்பிடி எழுதுறாள்? நான்தானே அடிச்சனான்?” என்று கேட்டார். நான் சொன்னேன். அழித்ததை, வயலினை, மிசியேயிடம் சொன்ன பொய்யை, கடையில் அவரிடம் சொன்ன பொய்யை.

ஏசியிருக்கலாம். நான் அதற்குத்தான் குனிந்துகொண்டிருந்தேன். அவர் கட்டிலின் மற்றப் பாதியில் இருந்து கடிதத்தை மடித்தார். “உண்மையைச் சொன்னா அவள் உன்னோடை கதைக்கமாட்டாள், அவளின்ரை குணம் உனக்குத் தெரியும்தானே. ஒரேயொரு தம்பி. வேண்டாம்” என்றார். அக்காவுக்கு அனுப்ப வெற்றுக் கசெற் ஒன்றை எடுத்து வானொலிப் பெட்டியில் போட்டு, என்னைப் பதிவுப் பொத்தானை அமத்தச் சொன்னார். அமத்தினேன்.

“இஞ்சாரும், பயப்பிடாதையும். றெஸ்ரோறன்ரிலை சுடெண்ணெய் வலக்கையிலை கொட்டிப்போட்டுது. உள்ளங்கை முழுக்க. அதாலை அந்தப் பாட்டுக்கு மட்டும் வேறை ஆள் அடிச்சது. இப்ப காயம் மாறீட்டுது. அடையாளம் மட்டும் கிடக்கு, அது போகாதாம்.” இவ்வளவும் சொல்லிவிட்டு நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, கேலியே இல்லாமல், மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டார்: “சரியா வந்துதோ? இல்லாட்டித் திருப்பிச் சொல்லவோ?”

சரி அத்தான் என்றேன். அவர் அடித்ததில் ஒன்றையாவது அப்படி முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டதில்லை.

அதற்குப் பிறகு அவர் குழுவுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வேலை போட்டுவிட்டார்கள் என்றார். நான் அவருடைய முதலாளியிடம் விசாரிக்கவில்லை. அடுத்த கசெற் முழுக்கப் பெட்டியின் தாளம். நன்றாகவே எடுபட்டது. ஐரோப்பாவில் தமிழ்ப் பாட்டைப் புதுப்பித்தவன் என்று மேடைகளில் என்னைப் புகழ்ந்தார்கள், மாலையும் போட்டார்கள். கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்று அத்தான் கைதட்டுவார். அங்கேயும் அவருடைய கை கொஞ்சம் முந்தும்.

எண்பதுகள் முடியுமுன் அக்கா வந்து சேர்ந்தாள். விமான நிலையத்தில் பிள்ளை தகப்பனைத் தெரியாமல் அவளுடைய சேலைக்குள் ஒளிந்தது. அக்கா அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. முதல் வேலையாக அத்தானின் வலக்கையைப் பிடித்து விரித்தாள். பெருவிரலால் உள்ளங்கையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஒருவேளை கை மாறிச் சொல்லியிருப்பாரோ என்று நினைத்தாளோ என்னவோ, இடக்கையையும் எடுத்து விரித்தாள். தண்ணீரில் ஊறி உரிந்த தோல். வேறொன்றும் இல்லை. அத்தான் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா இரண்டு கைகளையும் விடாமல் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். பிறகு, “சாப்பிட்டனியோடா?” என்றாள். நான் அவளுடைய பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன்.

அத்தான் செத்து நாலு வருடமாகிறது. அக்கா லா கூர்னெவ்வில் மகளோடு இருக்கிறாள். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் சோறு போட்டுத் தந்துவிட்டு எதிரில் இருந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கையைப் பற்றி இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் ஒருதடவையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் கேட்டுத்தான் இருக்கிறாள், விமான நிலையத்தில், வாயைத் திறக்காமல்.