பாட்டில்லாத படம்

வீடியோ டெக்கைத் திறந்து, பஞ்சில் ஓடிக்கொலோன் தொட்டு ஹெட்டைத் துடைத்தால் ஒரு வாசம் வரும்... சூடேறிய பிளாஸ்டிக்கும் ஓடிக்கொலோனும் கலந்த வாசம். இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது ஓடிக்கொலோன் தெளித்த கைலேஞ்சியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எனக்கு ஞாபகம் வருவது ஹொங்கொங் பொலிஸ்தான்.

சிரிக்காதீர்கள்.

காத்தான்குடியில் எங்கள் வீடு கொஞ்சம் கண்டிப்பான வீடு. தமிழ்ப்படம் கூடாது, ஹிந்திப்படம் அறவே கூடாது. பாட்டு இருக்கும், கட்டிப்பிடிப்பார்கள், வீட்டில் நானும் எனக்கு மூத்தவள் ராத்தாவுமாக இரண்டு குமர்ப்பிள்ளைகள். ஆனால் மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்த டெக் ஷோகேசில் சும்மா கிடப்பதையும் வாப்பாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சைனீஸ் படம்.

"பாட்டில்ல, கூத்தில்ல... அடிபிடிதானே. பாருங்க" என்றார்.

வீடியோ கடைக்கு வாப்பாவே போவார். "பாட்டில்லாத படம் ஒண்டு தாங்க" என்று கேட்டு, கசட் கொப்பியை சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு வருவார். மத்தியானம் லுஹர் தொழுது, சாப்பிட்ட பீங்கான்களைக் கழுவி வைத்துவிட்டு நானும் ராத்தாவும் பாயில் உட்கார்ந்தால், பின்னேரம் அஸர் பாங்கு கேட்கும்வரை எங்கள் ராச்சியம்.

கொப்பியில் படத்தின் பெயர் இருக்காது. 'சைனீஸ்' என்று மட்டும் ஒட்டியிருக்கும். அந்தப் பாஷைக்குக் கன்டோனீஸ் என்று பெயர் இருப்பதே எனக்குப் பிற்பாடுதான் தெரியும். கீழே ஓடும் இங்கிலீஷை நாங்கள் எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் திரையில் இரண்டு பேர் குண்டு பட்டு மௌத்தாகியிருப்பார்கள்.

அதில் ஒரு நடிகர் அடிக்கடி வருவார். வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் சிரிப்பார். பெயர் தெரியாததால் ராத்தா அவருக்கு 'நம்மட ஆள்' என்று பெயர் வைத்தாள். ஒரு கொப்பியில் பொலிஸ், இன்னொன்றில் கள்ளக்கடத்தல், மற்றொன்றில் ஜெயில்... நடிகர் ஒருவர், கதைகள் வேறு வேறு என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? படம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளா நாங்கள்? எல்லாக் கொப்பியும் அந்த ஒரு மனிதனின் வாழ்க்கை, கடைக்காரர்தான் முன்பின்னாகத் தருகிறார் என்று நம்பினோம். நாங்களே உட்கார்ந்து ஒழுங்குபடுத்தினோம். முதலில் நூடில்ஸ் கடையில் வேலை, பிறகு பொலிஸ், பிறகு கள்ளர் கூட்டத்துக்குள் உளவு, அதனால் ஜெயில்... ஒன்றுக்கொன்று அவ்வளவு அழகாகப் பொருந்தியது.

பிறகு அந்தக் கொப்பி வந்தது. மழை, மீன் சந்தை, நம்மட ஆள் சூடு பட்டு விழுந்தார். எழும்பவே இல்லை.

ராத்தா தாவணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுத சத்தத்தில் உம்மா குசினியிலிருந்து ஓடிவந்தா.

"ஆருக்கு என்ன புள்ள?"

"மௌத்தாப் பெய்த்தாரும்மா."

உம்மா கொஞ்ச நேரம் டீவியைப் பார்த்துவிட்டு அடுப்புக்கே திரும்பிப் போய்விட்டா.

இந்தக் கொப்பியை இனி எடுக்கவே வேண்டாம் என்றேன். ராத்தா விடவில்லை.

"இல்ல புள்ள, இத முதல்ல பாப்பம். பொறகு மத்தத போட்டா ஆள் உசிரோட வந்திருவாருதானே."

அன்றிலிருந்து எங்களுக்கு அதுதான் முறை. மீன் சந்தைக் கொப்பியையும் கூடவே எடுத்துவரச் சொல்வோம். பார்த்ததையே பார்க்கிறீர்களே என்று வாப்பா முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவருவார். முதலில் அவரைச் சாகவிட்டு, அழுது முடித்து, உடனே அடுத்த கொப்பியை டெக்குக்குள் தள்ளுவோம். நூடில்ஸ் கடையில் ஆவி பறக்கும்... அதற்குள்ளிருந்து அந்த ஒற்றைப் பக்கச் சிரிப்பு வரும். ராத்தா என் கையைப் பிடித்து நசுக்குவாள்.

போன கிழமை ராத்தாவின் மகள் வட்ஸ்அப்பில் கேட்டாள். கம்பஸ் சிநேகிதிகள் எல்லாரும் பழைய ஹொங்கொங் படம் பார்க்கப் போகிறார்களாம். "எதில இருந்து தொடங்குற சாச்சி?"

எனக்கு வந்ததே உற்சாகம்... டப்பிங் மட்டும் போடாதே என்று எழுதினேன். அந்தப் பாஷையில் பேச்சு முடியும் இடத்தில் ஒரு இழுவை வரும், அதைக் கேட்க வேண்டும். மூங்கில் சாரத்தில் ஓடுகிறவர்கள் நிஜமாகவே ஓடுகிறார்கள், கண்ணை எடுக்காதே. பொலிஸ்காரனும் கள்ளனும் ஒரே மேசையில் சாப்பிடும் காட்சி வந்தால் சத்தம் போடாமல் இரு, சண்டையை விட அதுதான் பெரிய காட்சி. எல்லாவற்றுக்கும் முதலில், நம்மட ஆள் மௌத்தாகிற படத்தைப் பார், அடுத்ததில் அவர் உசிரோடு வந்துவிடுவார்.

"அதெல்லாம் வேற வேற படம் சாச்சி. கதையில வேற வேற ஆள்."

"தெரியும் மகள். இது உன்ட உம்மா செல்லித் தந்த ஒழுங்கு."

அவள் நடை பழகும் முன்பே ராத்தா மௌத்தாகிவிட்டாள். உம்மாவின் முகம் அவளுக்கு ஐடென்டிட்டி காட் படத்தில் தெரிந்ததுதான்.

பிறகு கேட்டாள். "உம்மா நடக்கிற, கதைக்கிற வீடியோ ஒண்டும் இல்லையா சாச்சி?"

இல்லை. ராத்தாவின் கலியாணத்துக்கு வந்த வீடியோக்காரரை வாப்பா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். பொம்பிளைப் பிள்ளைகளை வீடியோ எடுக்கக் கூடாது என்பது அவர் சட்டம். அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. இப்போது பிள்ளைகள் சோற்றுப் பீங்கானைக்கூட வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். நம்மட ஆளின் அந்தக் காலத்துப் படங்கள் ஒரு கோடு கீறல் இல்லாமல் போனிலேயே கிடைக்கின்றன. எனக்கு அந்தப் பாயும் ராத்தாவும் வேண்டும்... அதை எங்கே போய்த் தேட?

'இல்லை மகள்' என்று அனுப்பினேன். மனம் கேட்கவில்லை. திரும்பவும் எழுதினேன். உன் உம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டித்தான் இருப்பா. சிரிப்பு வந்தால் வாயைப் பொத்துவா. அடிபிடி தொடங்கினால் அவ காலும் சேர்ந்து ஆடும்...

உடனே பதில் வந்தது.

"இன்னும் செல்லுங்க சாச்சி."