வெடி வெடிக்காத ஊர்

ஜெர்மனியில் என் வேலை, வௌவால் எச்சமிடும்வரை காத்திருப்பது. வலையில் சிக்கியதைத் துணிப்பைக்குள் விட்டுத் தொங்கவிட்டால், சற்று நேரத்தில் அதுவே போட்டுவிடும். எச்சத்தை எடுத்துக்கொண்டு ஆளைப் பறக்கவிடுவோம். அதில் கொரோனா வகை வைரஸ் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். இதற்குத்தானா இவ்வளவு படிப்பு என்று அம்மா கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கோடையில் ஒரு வீட்டுப் பரணில் எடுத்த எச்சத்தில் வைரஸ் இருந்தது. வீட்டுக்கார அம்மாளிடம் சொல்லப் போனேன். அவர் வாய் திறக்கும் முன்பே, உங்களுக்கு ஆபத்தில்லை, விரட்டிவிடாதீர்கள் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. எதற்காக விரட்ட வேண்டும், பாவம், அதுகளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கண்மாய்க் கரை ஆலமரம் முழுக்கப் பழந்தின்னி வௌவால்கள்தான். அவை மிரளும் என்று தீபாவளிக்குக்கூட யாரும் வெடி போடுவதில்லை. எங்களுக்கெல்லாம் கம்பி மத்தாப்போடு சரி. வெடி வேண்டுமென்றால் பஸ் ஏறிச் சித்தி வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வௌவால்களை நான் திட்டாத திட்டில்லை.

அந்த மரத்துக்குத்தான் இந்த ஐப்பசியில் ஆபத்து வந்தது. ஊரில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். கொரோனாவே வௌவாலிலிருந்துதான் வந்தது என்று யாரோ செல்போனில் பார்த்துவிட்டு, மரத்தை வெட்ட வேண்டும் என்று கிளப்பிவிட்டார்கள். கூட்டம் போடப் போகிறார்கள் என்று அண்ணன் ஊரிலிருந்து போனில் சொன்னார்.

"ஏத்தா, நீதான் இதப் படிச்சவ. இங்கன உள்ளதுக்கு அந்தக் கிருமி இருக்கா, இல்லையா? இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லு, மரம் தப்பிச்சிரும்."

இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் சோதித்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

"இருக்கலாம்ணே. ஆனா அதுக கிருமி வேற, நமக்கு வந்தது வேற. பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. வவ்வால் கடிச்ச பழத்தத் தொட வேணாம், தண்ணித் தொட்டிய மூடி வைங்க. மரத்த வெட்டுனா அதுக வீட்டுப் பக்கம்தான் வரும்."

"இருக்கலாம்னுட்டியே" என்று போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. உண்மையைச் சொல்லி மரத்தைக் கொன்றுவிட்டேனோ என்று வேலையில் மனசே ஓடவில்லை.

தீபாவளியன்று நானே கூப்பிட்டேன். அண்ணன் எடுத்ததும், அவர் பேச்சை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் வெடிச்சத்தம் கேட்கிறதா என்றுதான் காதைத் தீட்டினேன். ஒன்றுமில்லை.

"நீ சொன்னத அப்படியே சொன்னேன். வீட்டுப் பக்கம் வரும்னதும் அடங்கிட்டாங்க. தொட்டிக்கு மூடி போட்டாச்சு. இரு, கேளு" என்று போனை மரத்துப் பக்கம் நீட்டினார். இடம் பிடிக்கிற சண்டையில் கீச்சுக்கீச்சென்று ஒரே கூச்சல்.

இங்கே ஜன்னலுக்கு வெளியே இலையுதிர்ந்த மரங்கள். உள்ளே மேசைமேல் காலித் துணிப்பைகள் துவைத்துக் காய்ந்து கிடந்தன. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஊர்த் தீபாவளியைக் கேட்டபடியே அவற்றை மடித்து வைத்தேன்.