கல்வெட்டு வேலைக்கு நடுவே ஒரு முதல் இதழ்

பேய்க்குப் பயந்தவர்கள் கல்வெட்டு அடிக்கும் தொழிலுக்கு வரக்கூடாது, நான் வந்துவிட்டேன். செத்தவரின் முப்பத்தோராம் நாளில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிறோமே நினைவு மலர், அதைத்தான் எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்பார்கள். தொகுப்பது நான், அச்சடிப்பது கொழும்பு கொட்டாஞ்சேனையில். ஆனால் நான் ஆசைப்பட்டது பெண்களுக்கென்று ஒரு மாதப் பத்திரிகை நடத்த. முதல் இதழில் எல்லாப் பக்கமும் தயார், நான் எழுதவேண்டிய ஆசிரியர் பக்கத்தைத் தவிர. வீட்டையே கந்தோராக்கி அங்கேயே அலுவலக வேலை பார்க்கும் சகோதரிகளுக்கு ஏனென்று விளக்கத் தேவையில்லை.

முன்னறையில் சத்தம்

கணவருக்குக் கப்பலில் வேலை. வெள்ளவத்தை பிளாட்டில் நானும் ஒன்றரை வயது மகளும் மாத்திரம். ஒருநாள் இரவு, பிள்ளையை உறங்கவைத்துவிட்டு எழுதக் குந்தினால், முன்னறையில் தகரத்தை நகத்தால் கீறுவதுபோல் ஒரு சத்தம். நின்றது. திரும்பவும் கீறியது. தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை. கொன்வென்றில் கன்னியாஸ்திரிகள் சொல்லித்தந்த செபம்தான் வந்தது. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் இடியப்ப உரல். போய்ப் பார்த்தால், முதல்நாள் வாங்கிய ஃபக்ஸ் மெஷின் தன்பாட்டில் தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. கனடாவில் அப்போது பகல். துயரத்தில் பங்குகொள்ளும் இருபத்தேழு பேரின் பெயர்கள் வந்து முடிய, அவற்றை அனுப்பிய, செத்தவரின் மகனே தொலைபேசியில் வந்தார்.

“தங்கச்சி, இது பிள்ளையளும் பேரப்பிள்ளையளும்தான். பெறாமக்கள், சகோதரங்களின்ர பிள்ளையள், பின்னால வருகினம், தாளைக் கிழிச்சுப்போடாதேங்கோ.”

விடுபட்ட மருமகன்

இன்னொரு கல்வெட்டில், செத்துப்போன அம்மாவின் இரண்டாவது மருமகனின் பெயரை விட்டுவிட்டேன். எங்கள் சனத்தில் கொலையைக்கூட மன்னிப்பார்கள், இதை மன்னிக்கமாட்டார்கள். முந்நூறு பிரதியும் அடித்தாயிற்று, அடுத்தநாள் முப்பத்தொன்று. மத்தியானம் அவரே படியேறி வந்தார். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன், குழந்தையோடிருப்பவளை ஏசமாட்டார் என்று. அவர் ஏசவில்லை. பெயர் அச்சடித்த சின்னத் துண்டுகளையும் பசைப் போத்தலையும் கொண்டுவந்திருந்தார். நிலத்தில் குந்தி இரண்டு பேருமாக ஒட்டினோம். பொழுதுபட்டபிறகு கடைசித் துண்டை ஒட்டிவிட்டுக் கையைத் துடைத்தார்.

“மாமி பதினெட்டு வருசமா என்ர பேரைச் சொல்லேல்லை, பிள்ளை. நீர் அவவின்ர விருப்பப்படிதான் அடிச்சிருக்கிறீர்.”

சாகாதவரின் ஓடர்

கொட்டாஞ்சேனையில் வளையல் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் வந்து, தன் கல்வெட்டுக்குத் தானே ஓடர் கொடுத்தார். பிள்ளைகள் போடப்போகும் படத்தில் அவருக்கு நம்பிக்கையில்லையாம். பச்சைச் சேலையில் எடுத்த படமொன்றை உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதை வாங்கி வைக்க மேசையில் இடம் தேடியபோது பத்திரிகைப் பக்கங்கள் அவர் கண்ணில் பட்டன. இது எப்போது வருமென்று கேட்டார். வந்தவர்களின் கல்வெட்டு வேலை முடிந்ததும் ஆசிரியர் பக்கத்தை எழுதலாமென்று இருக்கிறேன் என்றேன். படத்தைத் திரும்ப உறைக்குள் போட்டார்.

“என்னோடது அவசரமில்ல. மொதல்ல இதப் போடும்மா, செத்தப்பறம் எனக்கு வாசிக்க வராது.”

வியாழக்கிழமை

அச்சகத்து முஸ்லிம் அண்ணன், நாங்கள் நாநா என்போம், கடைசித் தவணை சொல்லிவிட்டார். “வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முந்திப் பக்கம் வராட்டி, மெஷின்ல கலியாணக் கார்ட் ஏத்திருவேன் தங்கச்சி.” இதை விட்டால் அச்சகத்தில் அடுத்த இடம் இரண்டு மாதம் கழித்து, இதழுக்கு விளம்பரம் தந்த ஒரேயொரு சேலைக்கடையும் கைவிட்டுவிடும்.

வியாழன் காலையிலிருந்து ஆட்கள். அழுதுகொண்டு வருகிறவர்களைப் போகச்சொல்ல எனக்குப் பயம். செத்தவரின் பழி பிள்ளையில் விழுந்தால்? பின்னேரம் வந்தவருக்குத் தகப்பனின் படத்தை மாற்றவேண்டும். நாளைக்கு வாருங்கள், இன்றைக்கு என்னுடையதை எழுதவேண்டும் என்றேன். அவர் கொண்டுவந்த படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“அப்ப எழுதுங்கோ, பிள்ளை. எங்கட அப்பா இனி ஒரு இடமும் போகமாட்டார்.”

அவர் படியிறங்கும்வரை நின்று, கதவைச் சாத்தி, உள்ளே மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டுப் பேனையை எடுத்து ஆசிரியர் பக்கத்தின் முதல் வரியை எழுதினேன்: செத்தவர்கள் ஒருவரும் என்னை அவசரப்படுத்தவேயில்லை என்று உயிரோடிருப்பவர் ஒருவர் வந்து சொல்லவேண்டியிருந்தது.